நின்றுபோன டாடா 207: பிரேக்கில் ஆரம்பித்து இன்ஜினுக்கு

பல வருடமாக நின்றுகிடக்கும் டீசல் வண்டியைக் கிளப்பப் போகிறேன் என்று சொன்னதும் ஊரில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "பேட்டரி போட்டுப் பார்த்தாச்சா?" போடவில்லை. முதல் வேலையாகப் போடவும் கூடாது என்பது என் கட்சி. மெக்கானிக்கல் டீசல் பம்ப் வைத்த பழைய டீசல் இன்ஜின் அவ்வளவு லேசில் சாகாது. டீசலும் காற்றும் கிடைத்தால் எப்படியாவது கிளம்பிவிடும். கிளம்பியதை நிறுத்த முடியுமா என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். சக்கரத்தையும் நிறுத்தத் தெரிய வேண்டும், இன்ஜினையும் நிறுத்தத் தெரிய வேண்டும். அதனால் நான் வேலையைப் பின்னாலிருந்து ஆரம்பித்தேன்.

வண்டி பெரியப்பாவுடையது. டாடா 207 டி.ஐ. (டீசல் நேராகச் சிலிண்டருக்குள் பாயும் வகை), பி.எஸ்.-2 புகை விதிக் காலத்து பிக்கப். ராசிபுரம் பக்கம் எங்கள் காட்டிலிருந்து சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு சுமந்த வண்டி. 2016-ல் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) முடிந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், பெரியப்பாவுக்கு முட்டி வலி வந்துவிட்டது. அறுவடைக்கு மட்டும் வாடகை வண்டி பிடித்துக்கொள்ளலாம் என்று முடிவாகி, இது மாட்டுக்கொட்டகை ஓரத்தில் நின்றுவிட்டது. பின் தொட்டியில் தென்னை மட்டையும் சொட்டுநீர்க் குழாய்ச் சுருளும் குவிந்தன. நல்ல வேளை, மேலே தகரக் கூரை இருந்தது.

இந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போடாமல் பிடித்து வைத்ததற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. டாடாவின் பிக்கப் வரிசை 1988-ல் டாடாமொபைல் 206-இல் தொடங்கியது. அப்போது கம்பெனியின் பெயர் டெல்கோ. அதில் இருந்தது 1948 சிசி இன்ஜின். பிறகு வந்த 207 டி.ஐ.-யில் 407 லாரி குடும்பத்து 497 இன்ஜினைத் தூக்கி வைத்தார்கள். நாலு சிலிண்டர், 97 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 100 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), மொத்தம் 2956 சிசி. பிக்கப்புக்கு இது பெரிய இன்ஜின். 2005-ல் டாடா ஏஸ் என்ற குட்டி லாரி வந்து சின்ன லோடுகளை எல்லாம் வாரிக்கொண்டு போகும் வரை கிராமத்துப் பக்கம் இந்த வண்டிக்குத் தனி மரியாதை இருந்தது. லாரி குடும்பத்து இன்ஜின் என்பதால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. அதுவும் நாமக்கல் மாவட்டத்தில் கேட்கவே வேண்டாம், டீக்கடைக்குப் பக்கத்திலேயே லாரி சாமான் கடை இருக்கும்.

சரி, பிரேக். ஜாக்கி வைத்துத் தூக்கியதும் முன் சக்கரங்கள் இரண்டும் முனகிக்கொண்டே சுற்றின. பின் சக்கரம் இரண்டும் அசையவில்லை. கடைசியாக நிறுத்தியவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போயிருக்கிறார். நாள்கணக்கில் நிற்கப்போகிற வண்டிக்குச் சக்கரத்தில் கட்டை கொடுத்து, கியரில் விட்டுவிட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து வைப்பதுதான் சரி. இல்லாவிட்டால் லைனிங்கும் டிரம்மும் துருவில் ஒன்றாகிவிடும். இங்கே நடந்தது அதுதான். அட்ஜஸ்டரைத் தளர்த்தி, மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, டிரம்மைச் சுற்றிலும் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் எடுக்க முடிந்தது. ஒரு பக்கம் டிரம் வந்தபோது லைனிங் ஷூவை விட்டுவிட்டு டிரம்மோடு வந்துவிட்டது.

பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்களின் ரப்பர் மூடியை நீக்கிப் பார்த்தால் உள்ளே வெள்ளையும் பழுப்புமாகப் பொடி. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சாதி. டாட் 3, டாட் 4 என்ற இரண்டு ரகமுமே அப்படித்தான். வருடக்கணக்கில் மாற்றாமல் நின்றால் அந்த ஈரம் உள்சுவரை அரித்துக் குழி பறித்துவிடும். குழி விழுந்த சிலிண்டருக்குள் புது ரப்பர் கிட் போடுவது காசுக்குப் பிடித்த கேடு, புது ரப்பரையும் அந்தக் குழி கிழித்துவிடும். அதனால் சிலிண்டரையே மாற்றினேன். முதலில் ஒரு கடையில் வாங்கியதைப் பூட்டி, பெடலை ஒரு மிதி மிதித்ததும் ஓரத்தில் கசிந்தது. பெட்டியைப் பார்த்தால் அச்சு அசல் ஒரிஜினல் மாதிரியே இருக்கும். கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. வேறு கடையில் இரட்டிப்பு விலை கொடுத்து வாங்கிய பிறகுதான் அந்தத் தலைவலி தீர்ந்தது.

பின் அச்சுக்குப் போகும் இரும்புப் பைப்பைக் கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் கட்டாயம் பார்க்க வேண்டும். வெளியே பளிச்சென்று இருக்கும், கிளிப்பைத் தளர்த்தினால் அடியில் செதில் செதிலாகத் துரு உதிரும். அந்தப் பைப்பையும், சக்கரத்துக்கு வரும் ரப்பர் ஹோஸ்களையும் மொத்தமாக மாற்றி, தூரத்துச் சக்கரத்திலிருந்து வரிசையாக ஏர் எடுத்தோம், அதாவது பைப்புக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றினோம். பெடல் கல் மாதிரி நின்றது. அதன் பிறகுதான் இன்ஜின் பக்கம் போனேன்.

பானட்டைத் தூக்கியதும் எலி. ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் நிலக்கடலைத் தோலும் தென்னை நாரும் சாக்கு இழையுமாக ஒரு குடும்பமே வாழ்ந்திருக்கிறது. டப்பாவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயையும் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். அங்கேயும் பத்துப் பன்னிரண்டு கடலைத் தோல். பேட்டரியைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் அத்தனையும் வால்வுக்குப் போயிருக்கும். சைலன்ஸர் வாயை ஒரு குளவி மண்ணால் பூசியிருந்தது. அது கம்பி விட்டுக் குத்தியதும் உதிர்ந்துவிட்டது.

இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்ப்பதற்கு முன், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில் நாலையும் கழற்றிவிட வேண்டும். அப்போதுதான் கம்ப்ரஷன் எதிர்க்காது. சிலிண்டருக்குள் எண்ணெய் விடவும் அதுதான் வழி. ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, இரண்டொரு நாள் ஊறவிட்டு, கிராங்க் புல்லி நட்டில் நீளமான கம்பி வைத்து அழுத்தினேன். அழுத்துவது என்றால் சீராக, முன்னும் பின்னுமாக. குதித்து ஏறினால் எங்கேயாவது வளையும். முதலில் அசையவில்லை. அப்புறம் விரல்கடை அளவு போய் நின்றது. திருப்பிப் பின்னால் கொண்டுவந்து மறுபடி அழுத்தினால் இன்னும் கொஞ்சம் போயிற்று. அப்படியே முழுச் சுற்று வந்துவிட்டது. டேப்பட் கவரைத் திறந்து வைத்துக்கொண்டு சுற்றியதால், எட்டு வால்வும் இறங்கி ஏறுவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. இது முக்கியம். ஒரு வால்வு மேலே ஏறாமல் ஒட்டிக்கொண்டால் அதைத் தள்ளும் புஷ் ராடு வளையும், மோசமானால் பிஸ்டன் அடிக்கும். இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது, பல்சக்கரம்தான். பெல்ட் வைத்த இன்ஜினாக இருந்தால் சுற்றுவதற்கு முன் அதையும் மாற்றியிருக்க வேண்டும்.

ஆயில் மாற்றும்போது கவனித்த ஒரு விஷயம். டிரெய்ன் போல்ட்டை முழுசாகக் கழற்றாமல் மெல்லத் தளர்த்தினால் முதலில் வருவது தண்ணீர். காற்றின் ஈரம் உள்ளே படிந்து சேர்ந்து சம்ப் என்ற ஆயில் தொட்டியின் அடியில் தங்கியிருக்கிறது. இங்கே வந்தது ஒரு டம்ளருக்கும் குறைவு, அதற்குப் பின் கறுப்பு ஆயில். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தாலோ, ஆயில் மோர் நிறத்தில் வந்தாலோ கதையே வேறு. இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட்டிருப்பேன்.

இனி டீசல் பம்ப். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பெட்ரோல் இன்ஜினில் சாவியைத் திருப்பினால் தீப்பொறி நின்றுவிடும், வண்டியும் நின்றுவிடும். டீசல் இன்ஜினில் தீப்பொறியே கிடையாது. காற்றை அடைக்கும் திராட்டிலும் இந்த வண்டியில் கிடையாது. எவ்வளவு டீசல் போகிறதோ அவ்வளவு வேகம், அவ்வளவுதான். அந்த அளவைத் தீர்மானிப்பது பம்ப்புக்குள் முன்னும் பின்னும் நகரும் ஒரு பல் வைத்த கம்பி. ரேக் என்பார்கள். வேகம் கூடினால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் அதைப் பின்னால் இழுத்து டீசலைக் குறைக்கும். வண்டி நிற்கும்போது இழுக்க ஆளில்லை. அதனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ரேக்கை டீசல் அதிகம் போகும் பக்கமே தள்ளி வைத்திருக்கும். கிளப்புவதற்கு அதுதான் வசதி. ஆனால் வருடக்கணக்கில் நின்று, பழைய டீசல் பிசினாக இறுகி, ரேக் அந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டால்? கிளம்பிய நொடியிலிருந்து இன்ஜின் முழு டீசலில் வேகம் ஏறிக்கொண்டே போகும். கவர்னர் இழுத்தாலும் வராது, ஸ்டாப் லீவரை இழுத்தாலும் வராது. சாவியைப் பிடுங்கி எறிந்தாலும் அது பாட்டுக்கு ஓடும், பிஸ்டனைப் பிடித்திருக்கும் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும் வரைக்கும். பேட்டரி போட்டுப் பார்த்தாச்சா என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

இந்த வண்டியில் இருப்பது இன்லைன் பம்ப். அதன் பக்கவாட்டில் ஒரு தகடு மூடி இருக்கும். மூடியின் ஸ்குருவை எடுத்தால் உள்ளே நாலு ஸ்பிரிங், டீசலைத் தள்ளும் நாலு பிளஞ்சர், அவற்றைத் திருப்பும் பல், பல்லைக் கோத்துக்கொண்டு ரேக், எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். ரேக்கை விரலால் தள்ளினேன். அரக்கு வைத்து ஒட்டியதுபோல் நின்றது. இன்ஜினைக் கம்பியால் மெதுவாகச் சுற்றச் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, நாலு ஆகிய மூன்று பிளஞ்சரும் அடியில் சுழலும் கேமோடு ஏறி ஸ்பிரிங்கோடு இறங்கின. மூன்றாவது பிளஞ்சர் மேலே போனது அங்கேயே நின்றுவிட்டது. ஸ்பிரிங் சுருங்கியபடியே இருக்க, அடியில் கேமுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி. ஒரு பிளஞ்சர் பிடித்துக்கொண்டால் அதன் பல் திரும்பாது, பல் திரும்பாவிட்டால் ரேக்கும் நகராது. ஆக ரேக்கின் மேல் தப்பில்லை, பிடித்திருந்தது அந்த மூன்றாவதுதான்.

உள்ளூர் மெக்கானிக் அண்ணன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பம்ப்பைக் கழட்டீறாதீங்க தம்பி, வெளியிலயே விட்டுப் பார்ப்போம்" என்றார். கழற்றினால் டைமிங் அடையாளம் பார்த்து மறுபடி பூட்ட வேண்டும். அவ்வளவு தூரம் போவதற்கு முன் நேரத்தைக் கொடுத்துப் பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. துரு நீக்கும் ஸ்பிரேயும் சுத்தமான டீசலும் மாற்றி மாற்றி விட்டு ஊறவைத்தோம். பிறகு ஸ்பிரிங்கின் கீழ்த்தட்டில் தட்டை ஸ்குரு டிரைவரின் நுனியைக் கொடுத்து, நெம்பாமல், கீழ்நோக்கி அழுத்தம் மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தார். பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். டக் என்று ஒரு சத்தம், பிளஞ்சர் இறங்கிவிட்டது. அதன் பிறகு ரேக் கொஞ்சம் அசைந்தது. டீசல் விட்டுக்கொண்டே முன்னும் பின்னும் நகர்த்த நகர்த்த, கடைசியில் சுண்டுவிரல் தொட்டாலே ஓடியது. எவ்வளவு லேசாக ஓட வேண்டும் என்றால் அவ்வளவு லேசாக.

இந்த வேலையில் செய்யக் கூடாதவையும் உண்டு. பிளஞ்சருக்கும் அது ஏறி இறங்கும் பேரலுக்கும் இடையில் இருப்பது மைக்ரான் கணக்கில் இடைவெளி. உப்புத்தாளோ அரமோ அதன் பக்கம் வரவே கூடாது. பல்லைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்குருவைத் தொடக் கூடாது. தொட்டால் நாலு சிலிண்டருக்கும் டீசல் சமமாகப் போகாது, அப்புறம் பம்ப் கடையில் கேலிபரேஷன் பெஞ்சில் ஏற்றினால்தான் சரியாகும். கவர்னர் பக்கத்து ஆயில் அளவையும் பார்த்துவிட்டு மூடியை மூடினோம்.

நாசில்களை மட்டும் நாமக்கல்லில் பம்ப்-நாசில் கடைக்குக் கொண்டுபோனேன். டெஸ்டரில் கைப்பிடியை அடித்தால் நல்ல நாசில் புகையாகத் தூவி, சட்டென்று வெட்டி நிற்கும். எங்களுடையதில் இரண்டு அப்படி, இரண்டு சொட்டுச் சொட்டாக ஒழுகின. அந்த இரண்டுக்கும் புது முனை போட்டார்கள். பூட்டும்போது செம்பு வாஷர் நாலும் புதுசு. வீட்டில் யாராவது நாசிலை வெளியே விட்டு இன்ஜினைச் சுற்றித் தூவுகிறதா என்று பார்க்க நினைத்தால், கையை எதிரே காட்ட வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே நடக்கும் சேதத்தில் விரலையே இழக்க நேரிடும்.

டீசல் டேங்க்கைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அடியில் தண்ணீர், தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் கறுப்பாகக் கொழகொழவென்று ஒரு படலம். அந்த எல்லையில் கிருமி வளரும், அதன் கழிவுதான் இந்தப் படலம். டேங்க்கை இறக்கி, துண்டுச் சங்கிலியும் கொஞ்சம் டீசலும் போட்டுக் குலுக்கி, தெளிவாக வரும் வரை கழுவி வெயிலில் காயவைத்தோம். முதல் ஸ்டார்ட்டுக்கு அதைப் பூட்டவே இல்லை. ஐந்து லிட்டர் கேனில் புது டீசல், பானட் பக்கத்தில் உயரமாகக் கட்டித் தொங்கவிட்டு டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப்புக்கு நேராக ஹோஸ். இதில் ஒரு லாபம் உண்டு: கிளம்பாவிட்டால் டேங்க்கையும் அதன் பைப்பையும் சந்தேகப்பட வேண்டாம்.

இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் ஒரு பொழுதைத் தின்றது. தெரிந்தவரின் டிராக்டரிலிருந்து நல்ல பேட்டரி கொண்டுவந்தும் 'கடக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. செல்ஃபைக் கழற்றிப் புது பிரஷ் போட எல்லோரும் தயார். அதற்கு முன் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் தூணிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கில் சுரண்டிய இடத்திலும் வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டிய இடத்தில் நாலு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எர்த் பட்டை! இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்கும் அந்தப் பின்னல் பட்டையின் ஒரு முனை பச்சைப் பூத்து, பெயருக்குத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. புதுப் பட்டை, இரண்டு முனையிலும் இரும்பு பளபளக்கும் வரை சுரண்டல். செல்ஃப் தன் பாட்டுக்குச் சுற்றியது.

ஸ்டாப் லீவரை இழுத்துக் கட்டிவிட்டு, டீசல் போகாமல் விட்டு விட்டுச் சுற்றி ஆயில் பிரஷர் விளக்கு அணையும் வரை காத்திருந்தோம். வருடக்கணக்கில் காய்ந்துகிடந்த பேரிங்குக்கு முதலில் ஆயில் போகட்டும். பிறகு ஏர் எடுப்பது: ஃபீட் பம்ப்பின் ஹேண்ட் பிரைமரை அடித்துக்கொண்டே முதலில் ஃபில்டர் ஸ்குரு, அடுத்து பம்ப் ஸ்குரு, நுரை நின்று சுத்த டீசல் வரும் வரை. கடைசியில் நாசில் பைப்பின் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, செல்ஃப் சுற்றி, டீசல் துடித்து வந்ததும் ஒவ்வொன்றாக இறுக்கினோம். நேரடி இன்ஜெக்‌ஷன் என்பதால் ஹீட்டர் பிளக் என்ற வில்லங்கம் கிடையாது.

ஸ்டார்ட் பண்ணும்போது ஏர் குழாய் வாயருகே ஒருவர் ஒன்றரை அடிப் பலகையோடு நின்றார். ரேக் சரியாக இருக்கிறது என்று தெரிந்தும்தான். இன்ஜின் வேகம் கட்டுக்கடங்காமல் ஏற ஆரம்பித்தால் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். கையாலோ துணியாலோ அல்ல, இரண்டையுமே உறிஞ்சிவிடும். பலகைக்கு வேலை வரவில்லை. ஒரு சிலிண்டர் பிடித்து, நொண்டி, இரண்டாவது சேர்ந்து, கொட்டகை முழுக்க வெள்ளைப் புகையாகி, மாடுகள் கயிற்றை இழுக்க ஆரம்பித்த நேரத்தில் நாலும் சேர்ந்துகொண்டன. எரியாத டீசல்தான் வெள்ளைப் புகை, இன்ஜின் சூடானதும் போய்விட்டது. நீலப் புகை வந்திருந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். வரவில்லை. ஸ்டாப் லீவரை இழுத்தேன். நின்றது. மறுபடி கிளப்பி மறுபடி நிறுத்தினேன். பெரியப்பா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தபடியே, "ஏம்ப்பா, கிளப்பிக் கிளப்பி நிறுத்தறயே, ஓட்டிப் பார்க்க மாட்டயா?" என்றார்.

ஓட்ட முடியவில்லை. கிளட்ச் பெடலை அடிவரை மிதித்தாலும் கியர் விழவில்லை, பல் அரைத்தது. கிளட்ச் பிளேட், இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலோடு துருவில் ஒட்டியிருக்கிறது. நின்ற வண்டிகளில் இது சகஜம். கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் ஒரு வழி உண்டு, அதற்குத்தான் பிரேக்கை முதலில் முடித்தது. முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, பின் அச்சை ஸ்டாண்டில் ஏற்றினோம். ஜாக்கியில் அல்ல, ஸ்டாண்டில். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, நிறுத்தி, மூணாவது கியரில் போட்டு, அப்படியே ஸ்டார்ட் செய்தால் பின் சக்கரங்கள் சுற்றும். கிளட்ச்சை மிதித்துப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டும். சில முறை இன்ஜின் அணைந்தது. அப்புறம் ஒரு மிதியில் சக்கரம் நின்றது, இன்ஜின் நிற்கவில்லை. பிளேட் விட்டுவிட்டது.

டயர் நாலும் பார்வைக்குக் கட்டை தேயாமல் இருந்தன. பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைப் பார்த்தால் 3112, அதாவது 2012-ன் 31-வது வாரம். மடிப்பில் நகம் நுழையும் வெடிப்பு. காட்டுக்குள் ஓட்டிப் பார்க்க மட்டும் அதை வைத்துக்கொண்டேன், ரோட்டுக்குப் புதுசுதான். ரேடியேட்டரில் எங்கள் போர் தண்ணீரின் உப்பு பாதிக் குழாய்களை அடைத்திருந்தது. கடையில் பிரித்துக் கம்பி விட்டுக் குத்தி, ஹோஸ் எல்லாம் மாற்றி, இப்போது கூலன்ட் மட்டும் ஊற்றியிருக்கிறது.

பாக்கி வேலையில் முதலாவது டைனமோ. இந்த வண்டியில் பிரேக் பூஸ்டருக்கான வேக்கம் பம்ப் டைனமோவின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு இன்ஜின் ஆயில் வரும். நின்று காய்ந்த சீல் ஆயிலை டைனமோவுக்குள் விடுகிறது. சார்ஜ் இன்னும் வருகிறது, ஆனால் அடியில் சொட்டுகிறது. அடுத்தது ஸ்டீயரிங் ஆட்டம், பால் ஜாயின்ட் இரண்டு மாற்ற வேண்டும். அப்புறம் எஃப்.சி. 15 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலிலிருந்து பல மடங்கு உயர்த்திவிட்டார்கள், காலாவதியான நாட்களுக்குத் தனியாக அபராதமும் உண்டு. இன்ஷூரன்ஸ், வரி பாக்கி எல்லாம் சேர்த்தால் இதுவரை சாமானுக்குச் செய்த செலவை அது தாண்டும் போலிருக்கிறது. டைனமோ சீல் வந்ததும் அதை முடித்துவிட்டு, மரவள்ளி பிடுங்குவதற்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகிற திட்டம். அதுவரை காட்டுக்கும் களத்துக்கும் நடுவில் மட்டும், எரு ஏற்றிக்கொண்டு, இரண்டாவது கியரில்.